கடலில்லாத மதுரையும் மீன்பிடித் தொழிலில் சிக்கும் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி, சேடப்பட்டி, மேலூர் பக்கத்து ஊர்களில் நாங்கள் சிலர் சேர்ந்து பெற்றோரிடம் பேசி வருகிறோம். பிள்ளைகளை வெளியூர் வேலைக்கு அனுப்புவது பற்றித்தான் பேச்சு. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கடலே கிடையாது. மீன்பிடித் தொழிலில் பிள்ளைகள் சிக்குவதைப் பற்றி இங்கே எதற்குப் பேச வேண்டும்?

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். பிள்ளை வேலை செய்கிற இடம் தண்ணீராக இருக்கலாம், ஆனால் அவன் கிளம்புகிற இடம் கடன் விழுந்த ஒரு வீடு. அந்த வீடு கடற்கரையில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் போன கதை உங்களுக்கே தெரியும். தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வருவார், அட்வான்ஸ் என்று ஒரு தொகையைக் கையில் வைப்பார், அடுத்த வாரம் பையன் ரயில் ஏறிவிடுவான். முறுக்குச் சட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வலையையோ இறால் கூடையையோ வைத்துப் பாருங்கள், மற்றது எல்லாம் அப்படியே இருக்கும். இன்னொன்று, கரிமேட்டிலும் மாட்டுத்தாவணியிலும் மீன் வாங்கிச் சாப்பிடுகிற ஊர் நாம். அந்த மீன் எந்தக் கை வழியாக வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது.

கடத்தல் என்றால் யாரோ வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவதுதானே?

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தெரிந்தவர்தான் வந்து அழைத்துப் போவார். மாமா முறை, பக்கத்துத் தெரு அண்ணன், முன்னே அதே வேலைக்குப் போய் வந்தவர் என்று யாராவது ஒருவர். வேலைக்காகச் சுரண்டும் நோக்கத்தில் ஒரு பிள்ளையைச் சேர்த்தாலோ, அழைத்துப் போனாலோ, தங்க வைத்தாலோ, இன்னொருவரிடம் ஒப்படைத்தாலோ அது கடத்தல்தான். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது, இந்தியா 2011-இல் அதை ஏற்றது. 18 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை சம்மதித்தானா, பெற்றோர் சம்மதித்தார்களா என்பது கணக்கிலேயே வராது.

நம் ஊரில் இதற்கு யாரும் கடத்தல் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "பையனை வேலைக்கு விட்டிருக்கோம்" என்பார்கள். இந்த "விட்டிருக்கோம்" என்ற சொல்லைக் கேட்டால் நான் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன்: எவ்வளவு வாங்குனீங்க, பையன்கிட்ட கடைசியா எப்போ பேசுனீங்க? இரண்டாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கானாவில் உள்ள வோல்டா ஏரி பற்றி எப்போதும் சொல்கிறீர்களே, அங்கே என்னதான் நடக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நாடு கானா. வோல்டா ஆற்றின் குறுக்கே 1965-இல் அகோசோம்போ அணையைக் கட்டி முடித்தார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் சுமார் 8,500 சதுர கிலோமீட்டருக்குப் பரவி நிற்கிறது. மதுரை மாவட்டம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் பாதிகூட நிரம்பாது. காட்டை வெட்டி எடுக்காமலேயே தண்ணீரைத் தேக்கியதால் பல இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கிப்போயின. அந்தப் பட்ட மரங்களும் கட்டைகளும் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன.

இது நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பல வருடம் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டி, அப்புறம் ஒரு மழையில் கண்மாய் நிறைந்தால் முள்மரம் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அங்கே வலை போட்டவரிடம் கேளுங்கள். வலை மாட்டிக்கொண்டால் இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது, ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அதையே கடல் மாதிரியான ஒரு ஏரியில், கலங்கிய தண்ணீரில், எட்டு வயதுப் பையனைக் குதிக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே பிள்ளைகளைத் தேடுவதற்குக் காரணமே இதுதான். விரல் சின்னது, கண்ணியில் சிக்கிய நூலைப் பிரித்தெடுக்கும், எதிர்த்துப் பேசத் தெரியாது, கூலி கேட்காது. முழு இருட்டில் எழுப்பிவிடுவார்கள். துடுப்புப் போடணும், படகுக்குள் ஏறும் தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டே இருக்கணும், வலை மாட்டினால் இறங்கணும். வலைக்குள் தானே சிக்கி மேலே வராமல் போன பிள்ளைகள் உண்டு. நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயும் அந்தத் தண்ணீரில் அதிகம், அணை வந்த பிறகு அது இன்னும் பரவியது.

இதில் எனக்கு உறைத்த ஒரு விஷயம், அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்கள். கடலில் மீன் குறைந்து, வீட்டில் காசு இல்லாமல் போனபோது, கடற்கரைப் பிள்ளைகளை உள்நாட்டு ஏரிக்கு அழைத்துப் போனார்கள். கடல் இருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. நமக்குக் கடல் இல்லை என்பதும் பாதுகாப்பு ஆகிவிடாது.

ஜேம்ஸ் கோஃபி அன்னான் என்பவர் வின்னபா என்ற கடலோர ஊரைச் சேர்ந்தவர். ஆறு வயதில் அந்த ஏரிக்குக் கொண்டுபோகப்பட்டார், ஏழு வருடம் வேலை செய்தார், 13 வயதில் தப்பினார். படித்தார், வங்கியில் மேலாளராக உயர்ந்தார், அப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டு ஏரியிலிருந்து பிள்ளைகளை மீட்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் சேலஞ்சிங் ஹைட்ஸ். கானா அரசு 2005-இல் ஆள்கடத்தலுக்கு எதிராகத் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. ஆனாலும் இன்னும் நிற்கவில்லை.

பெற்ற பிள்ளையை எப்படி மனசு வந்து அனுப்புகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முகத்தில் கோபம் இருக்கும். எனக்கும் முதலில் இருந்தது. ஒரு முறை சேடப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். அதற்குள் மகனின் பள்ளிக்கூடச் சட்டை, துவைத்து மடித்து வைத்தது. "வந்தா போட்டுக்குவான்ல தம்பி" என்றார். பையன் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, அந்தச் சட்டை அவனுக்கு இனி தோளில்கூட ஏறாது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன், வட்டி வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும், அந்த நேரத்தில் ஒருவர் வந்து "மூணு நேரம் சாப்பாடு, தொழிலும் பழகிக்குவான், பணமும் கைக்கு வரும்" என்று சொல்கிறார். அந்த அக்காவுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கானாவிலும் இதே கதைதான். சின்னத் தொகை, "நல்லாப் பார்த்துக்குவோம், படிக்க வைப்போம்" என்ற வாக்கு. ஏமாந்தவர்மேல் ஏறி விழுவதைவிட ஏமாற்றியவரைப் பிடிப்பதில் நம் கோபத்தைச் செலவழிக்கலாம்.

தாய்லாந்து, இந்தோனேசியாவில் மீன்பிடித் தொழிலில் ஆட்களை அடைத்து வேலை வாங்குவதாகச் செய்திகள் வந்தனவே, அவையும் இதுதானா?

அங்கே படகில் சிக்கியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் ஏழைகள். அவர்களோடு பதின்ம வயதுப் பையன்களும் இருந்தார்கள். 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா என்ற தீவு ஊரில், கூண்டுக்குள் அடைத்து வைக்கப்பட்ட தொழிலாளர்களைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதன் பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள், அவர்களில் ஒருவர் வீடு திரும்பியது 22 வருடம் கழித்து. அந்தச் செய்திகளுக்கு 2016-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே நிருபர்கள் தாய்லாந்தின் சமுத் சாகோனில் இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றையும் பார்த்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவை உதைத்து எழுப்பி, பதினாறு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கையை வைத்து இறால் உரிக்க வேண்டும். அங்கே பிள்ளைகளும் இருந்தார்கள்.

வீட்டில் அரைக் கிலோ இறால் உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்திலேயே தலைமுள் குத்திக் குத்தி விரல் நுனி எரிய ஆரம்பித்துவிடும். ஐஸில் விறைத்த கைக்கு அந்தக் குத்து உடனே தெரியாது. அப்புறம் ராத்திரி படுக்கும்போதுதான் மொத்தமாக வலிக்கும்.

ஏன் இந்தத் தொழிலில் இவ்வளவு மோசம் என்றால், கரைக்கு அருகில் மீன் குறையக் குறையப் படகு தூரமாகப் போக வேண்டியிருக்கிறது, டீசல் செலவு ஏறுகிறது, முதலாளி மிச்சம் பிடிப்பது ஆள் கூலியில்தான். பெரிய படகுகள் மாதக்கணக்கில் துறைமுகத்துக்கே வராது. நடுக்கடலிலேயே இன்னொரு கப்பலுக்கு மீனை மாற்றிவிட்டு, அங்கேயே எண்ணெயும் அரிசியும் வாங்கிக்கொள்ளும். எந்த அதிகாரி போய்ப் பார்ப்பது? படகில் இருப்பவன் எங்கே ஓடுவது? ஐரோப்பிய ஒன்றியம், முறையற்ற மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015-இல் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை என்ற எச்சரிக்கையைக் காட்டிய பிறகுதான் அங்கே சட்டங்கள் வேகமாக மாறின. 2019-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2022 மதிப்பீட்டில், உலகம் முழுக்கக் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2.76 கோடி, அதில் பிள்ளைகள் மட்டும் 33 லட்சம். மீன்பிடிப் படகுகளில் மட்டும் சுமார் 1,28,000 பேர்.

மீனவர் வீட்டுப் பையன் அப்பாவோடு வலை எடுக்கப் போனால் அதுவும் குற்றமா? நம் ஊர் மீன்பிடித் திருவிழாவில் பிள்ளைகள் இறங்குகிறார்களே?

நல்ல கேள்வி. மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது வெள்ளைத் துண்டு வீசினதும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும், சேறு முழங்கால் வரை இருக்கும், பிள்ளைகள் கெளுத்தியிடம் குத்து வாங்கிக்கொண்டு கத்தும், சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசம். அதைப் போய் யாரும் குற்றம் என்று சொல்லப்போவதில்லை. வேறுபாடு எங்கே என்றால், அந்தப் பிள்ளை வேண்டாம் என்றால் கரையேறிவிடலாம், அம்மா கரையில் நிற்கிறார், திங்கள்கிழமை பள்ளிக்கூடம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது. வோல்டாவிலும் எல்லாப் பிள்ளையும் கடத்தப்பட்ட பிள்ளை கிடையாது, சொந்த அப்பாவோடும் சித்தப்பாவோடும் தொழில் பழகுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் படகில் பிள்ளையைப் பார்த்ததுமே முடிவுக்கு வராதீர்கள். ஆனால் "சித்தப்பா" என்று சொல்லப்படுபவர் உண்மையிலேயே சித்தப்பாதானா என்று கட்டாயம் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் இப்படி வேறு எங்கெல்லாம் பிள்ளைகள் சிக்குகிறார்கள்?

ஆட்டுக்கிடை, வாத்து மேய்ச்சல், செங்கல் சூளை, நூற்பாலை, முறுக்குக் கம்பெனி. டெல்டா பக்கத்துப் பிள்ளைகளை அட்வான்ஸுக்குக் கிடைபோடுபவர்களிடம் விடுவது பல முறை பிடிபட்டிருக்கிறது. வாத்தோடு போகிற பையன் ஊர் ஊராக வயல்வரப்பில்தான் படுப்பான், நிரந்தர முகவரியே கிடையாது, அதனால் தேடுவதும் கஷ்டம். படகுக்கும் ஆட்டுக்கிடைக்கும் உள்ள ஒற்றுமை இதுதான், வேலை செய்கிற இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். திருப்பிக் கட்டாமல் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது?

கட்ட வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் எழுத ஆசை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, உழைப்பை அடகு வைத்து வாங்கிய கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்டும் கடமையும் இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கோயிலில் சத்தியம் செய்திருந்தாலும் அதேதான். அந்தக் கடனுக்கென்று முதலாளி பணம் வாங்கினால் அவர்மேல்தான் வழக்கு. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், மதுரை நான்கு இடத்திலும் இருக்கிறது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. முழு மறுவாழ்வுத் தொகை ஆளைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை, கட்டாயக் குழந்தைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு லட்சம். ஆனால் முழுத் தொகை கிடைக்க வழக்கில் தண்டனை ஆக வேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். இந்த இழுத்தடிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை, பிள்ளை அதற்குள் பெரியவனாகிவிடுகிறான். சான்றிதழை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொலைக்காதீர்கள்.

வேலைக்கு ஆள் கேட்டு வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் கேட்க ஒன்றும் இல்லை, அனுப்பாதீர்கள். ஆகியிருந்தால், எந்த ஊர், முதலாளி பெயர் என்ன, சம்பளம் யார் கையில் எந்தத் தேதியில் வரும், ஆதார் அட்டையை யார் வைத்துக்கொள்வார்கள், செல்போன் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா" என்று பதில் வந்தால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் படகு வேலை என்றால் அந்த ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் போகவே வேண்டாம்.

பேருந்து நிலையத்திலோ ரயிலிலோ சந்தேகமாக ஒரு பிள்ளையைப் பார்த்தால்?

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அவசரம் என்றால் 112. ரயில் நிலையம் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் நேரே சொல்லலாம். மாட்டுத்தாவணியில் ஒரு விடியற்காலை நான் பார்த்தது, நாலைந்து பையன்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புதுச் செருப்பு, ஒரே கடைப் பை. கூட வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் ஒருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது, இருந்தும் கூப்பிட்டேன். விசாரிப்பது அவர்கள் வேலை, நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள், பிள்ளையை வேறு வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள்.

மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு வேண்டுகோள், பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், அதைவிட, அந்தப் படம் அந்தப் பிள்ளையை ஆயுளுக்கும் துரத்தும்.

தண்டனை உண்மையில் கடுமையா?

ஏட்டில் கடுமைதான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில், ஒரு பிள்ளையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில், பிள்ளையை அடிமை மாதிரி வேலை வாங்கினால் 5 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும். புகார் எழுதும்போதே இந்தப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்கு என்று போட்டால் முதலாளி அபராதத்தோடு தப்பிவிட வாய்ப்பு அதிகம், கூட்டிப்போன புரோக்கர் பெயர் வழக்கிலேயே இருக்காது.

அப்படியானால் மீன் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நீங்கள் வாங்காவிட்டால் முதலில் அடிபடுவது நாட்டுப்படகுக்காரரும் தலைச்சுமையாக மீன் விற்கிற பாட்டியும். எங்கே இருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள். கடையில் ஒரு சின்னப் பையன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தால் வாங்காமல் வந்து 1098-க்குச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிள்ளையை என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா?

சேர்த்துத்தான் ஆக வேண்டும். 14 வயது வரை கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பதினொரு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் ஓடிவிடுவான், ஆசிரியர்களிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டில், வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டுத் துருவாதீர்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து அழாதீர்கள். இப்படித் திரும்பி வந்த ஒரு பையன் பல நாள் இருட்டு இருக்கும்போதே எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுவான், யாரும் எழுப்பாமலே. அவன் அம்மா திட்டவில்லை, என்னடா என்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கோலத்துக்கு மாவு பிசிறிக்கொண்டிருப்பார். மூன்று நாலு மாதம் கழித்து ஒருநாள் அவன் எழவில்லை. ஏழு மணி வரை தூங்கினான், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் தாமதம். அவர் அதை என்னிடம் போனில் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

முதல் ஆறு மாதம் புரோக்கர் திரும்ப வருவார், அல்லது ஆள் அனுப்புவார், "பாக்கிக் கணக்கு இருக்கு" என்பார். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், வந்த தேதியை எழுதி வையுங்கள், உடனே காவல் நிலையத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலும் சொல்லுங்கள்.